எலும்பை விட்டுக் கழன்று விழுந்தால் அது பதமல்ல

சென்ற சனிக்கிழமை, கறியைப் புகையில் வேகவைக்கும் பார்பிக்யூ போட்டி முடிந்து நடுவர் கூடாரத்தை விட்டு வெளியே வந்தேன். ஓர் இளைஞர் மதிப்பெண் தாளோடு காத்திருந்தார். அமெச்சூர் பிரிவில் கோழிக்கும் விலாக்கறிக்கும் பரிசு வாங்கியவர்; அந்தத் துணிச்சலில் கடன் வாங்கி டிரெய்லரும் ஸ்மோக்கர் என்னும் பெரிய புகை அடுப்பும் வாங்கி, தொழில்முறைப் பிரிவில் இறங்கிவிட்டார். விலாக்கறியில் கடைசியிலிருந்து மூன்றாவது இடம். “எலும்பிலிருந்து தானாகக் கழன்று விழும்வரை வேகவைத்தேனே, இதற்குமேல் என்ன வேண்டும்?” என்றார். இந்த ஆண்டு இதே கேள்வியோடு என்னிடம் வந்த நான்காவது ஆள் அவர்.

கழன்று விழுந்ததுதான் குற்றம். வீட்டில் விருந்தாளிகள் அதைப் பாராட்டுவார்கள், உணவகங்கள் அதையே விளம்பரம் செய்யும். இந்தப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி பார்பிக்யூ சங்கத்தின் முறைப்படி பயிற்சி பெற்ற நடுவருக்கு அது வெந்து குழைந்த கறி. நாங்கள் முள்கரண்டி தொடுவதில்லை. கையால் எடுத்துக் கடிக்கிறோம். விலா எலும்பின் நடுவில் கடித்தால் கடித்த இடத்துச் சதை மட்டும் வாயோடு வரவேண்டும், இருபுறமும் மிச்சச் சதை எலும்பைப் பிடித்தபடி நிற்கவேண்டும். பக்கத்துக் கூடாரத்தில் மீந்திருந்த ஒரு துண்டை வாங்கி அந்த இளைஞரைக் கடிக்கச் சொன்னேன். பல் பதிந்த இடம் பிறை போல் துலக்கமாகத் தெரிந்தது. நடுவில் எலும்பு வெளுத்திருந்தது. அதுதான் பதம். பிரிஸ்கட், அதாவது மாட்டு நெஞ்சுக்கறிக்கும் அப்படித்தான்: துண்டை விரலில் தொங்கவிட்டால் அறுந்து விழக்கூடாது, இரு முனையையும் மெல்ல இழுத்தால் பிரியவேண்டும். குழைந்த சோற்றைப் பதம் என்று எந்த வீட்டிலாவது சொல்வார்களா? கறிக்கு மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?

கறியின் விளிம்பில் தெரியும் சிவப்புப் புகை வளையத்துக்காகவும் இரவெல்லாம் பாடுபடாதீர்கள். நைட்ரைட் கலந்த உப்பைத் தடவியே அதை வரவழைத்துவிடலாம் என்பதால், அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றே எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

அமெச்சூர் பிரிவில் பல ஊர்களில் கோழியும் விலாவும் மட்டும்தான். தொழில்முறையில் கோழி, பன்றி விலா, பன்றித் தோள்கறி, பிரிஸ்கட் என நான்கு. வழக்கமாக நண்பகல் 12:00, 12:30, 1:00, 1:30 என்று அரை மணிக்கு ஒரு கறிப் பெட்டியை நடுவர்களுக்குக் கொடுக்கவேண்டும். குறித்த நேரத்துக்கு 5 நிமிடம் முன்னே, 5 நிமிடம் பின்னே. அதற்கு மேல் தாமதமானால் பெட்டி கணக்கில் வராது. இரவு முழுக்க நெருப்புக்குக் காவல் இருந்த ஒரு பெரியவர், 1:36-க்கு வந்து சேர்ந்த பிரிஸ்கட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டிரெய்லர் படியில் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மதிப்பெண் 9-லிருந்து 2 வரை. 1 என்றால் தகுதிநீக்கம். மொத்தத்தில் பாதிக்கும் மேல் சுவைக்கு, அடுத்தது மென்மைக்கு, தோற்றத்துக்கு மிகக் குறைவு. ஆறு நடுவர்களில் குறைந்தவரின் மதிப்பெண்ணை நீக்கிவிடுவார்கள். ஆகவே ஒரு நடுவருக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்று புலம்பாதீர்கள். பெட்டி எண்ணோடுதான் எங்களிடம் வருகிறது. யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது.

பெட்டியில் ஆறு பேருக்கும் துண்டு இருக்கிறதா என்று எண்ணுங்கள். அலுமினியத் தாள், பல்குச்சி எதுவும் உள்ளே கிடக்கக்கூடாது. அலங்காரத்துக்குச் சிவப்பு நுனி லெட்யூஸ் கீரை வைக்காதீர்கள், தடை. பச்சைக் கறி 4 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது, வெந்த கறி 60-க்குக் கீழே இறங்கக்கூடாது. இதில் அலட்சியம் காட்டினால் போவது மதிப்பெண் மட்டுமல்ல, சாப்பிட்டவரின் உடல்நலமும்தான்.

டிரெய்லருக்குக் கடன் வாங்காதீர்கள். நுழைவுக் கட்டணம், கறி, விறகு, பயணம் எல்லாம் சேர்த்தால் ஒரு வார இறுதிக்கே ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். பரிசுத்தொகை அதை ஈடுகட்டுவது அரிது. இருக்கும் அடுப்பிலேயே, வீட்டு முற்றத்தில், கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு நான்கு கறியையும் ஒரே நாளில் செய்து பாருங்கள். அதற்கும் முன்னால் நடுவர் பயிற்சி வகுப்புக்கு வாருங்கள். ஒரே நாள்தான். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பிறர் சமைத்ததை ஒருமுறை கடித்துப் பாருங்கள், தயவுசெய்து.