"செக்யூரிட்டி விசயம்" எண்டு வாயால சொன்னா அது மறுப்பு இல்லை

"அது செக்யூரிட்டி விசயம் அண்ணை, தர ஏலாது." காணியோ ஆமியோ பொலிசோ, யாழ்ப்பாணத்தில கந்தோர் கந்தோரா ஏறி இறங்கின ஆக்களுக்கு இந்த வசனம் பாடம். சொன்னவர் ஒரு துண்டும் எழுதித் தரமாட்டார், கேட்டவரும் சரி எண்டு பஸ் ஏறி வீட்ட வந்திடுவார், அதோட விசயம் முடிஞ்சுது.

சட்டம் என்னெண்டா, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்கு. அதின்ர 5 ஆம் பிரிவு தேசிய பாதுகாப்புக்குப் பாதகம் வருமெண்டா மறுக்கலாம் எண்டுது, உண்மைதான். ஆனா அதே பிரிவில, பொதுநன்மை அதைவிடப் பெரிசெண்டா குடுக்கோணும் எண்டும் கிடக்கு. 6 ஆம் பிரிவு, மறைக்க வேண்டியதை மட்டும் மறைச்சுப்போட்டு மிச்சத்தைக் குடு எண்டுது. கவுண்டரில இருக்கிற ஐயாமாருக்கு முதல் வரி மட்டும்தான் ஞாபகம்.

அதால வாயால கேக்கிற வேலையை விடுங்கோ. எழுதிக் குடுத்து, திகதி போட்ட பற்றுச்சீட்டு வாங்கோணும். "தகவல் அலுவலர் லீவு, திங்கள் வாங்கோ" எண்டா அங்க நிண்டு மினக்கெடாம பதிவுத் தபாலில போட்டு ரிசீற்றைப் பத்திரமா வையுங்கோ. ஏன் கேக்கிறீங்கள் எண்டு கேட்டா காரணம் சொல்லத் தேவையில்லை, சட்டத்திலயே அப்பிடித்தான் இருக்கு. 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லோணும், மறுக்கிறதெண்டா காரணத்தோட எழுத்தில தரோணும். பேசாம இருந்தாலும் நீங்கள் மேன்முறையீட்டுக்குப் போகலாம், ஆனா திகதி போட்ட துண்டு இல்லாட்டி எப்ப குடுத்தனீங்கள் எண்டதையே காட்டேலாது.

எப்பிடிக் கேக்கிறது எண்டதிலதான் கனபேர் மாட்டுப்படுகினம். வலிகாமம் வடக்கில ஆமி இருக்கிற காணிக்காரர் "ஏன் எங்கட காணியை விடேல்லை, காம்ப் பிளான் தாங்கோ" எண்டு எழுதினா, ஏன் எண்டதுக்குப் பதில் வராது, பிளான் எண்டதுக்குப் பாதுகாப்பு எண்டு வரும். இப்பிடிக் கேளுங்கோ: இந்தக் காணி எந்த வர்த்தமானியில, என்ன திகதியில சுவீகரிக்கப்பட்டது, அந்த அறிவித்தலின்ர கொப்பி, நட்டஈடு மதிப்பிட்ட கடிதம் இருந்தா அதின்ர கொப்பி. வர்த்தமானி எண்டது ஊருக்கே அச்சடிச்சு விட்டது, அதைப்போய் இரகசியம் எண்டு எழுத்தில குடுக்க எந்த அதிகாரிக்கும் கை கூசும்.

இன்னொரு பொறி. இலங்கைப் பிரசை மட்டும்தான் கேக்கலாம். கனடா, லண்டன் பாஸ்போர்ட் எடுத்த மகன் அங்க இருந்து ஈமெயில் போட்டா அதை வச்சே தட்டிவிடுவினம், இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தா பிரச்சினையில்லை, இல்லாட்டி இஞ்ச இருக்கிற அம்மாவோ சித்தப்பாவோ தங்கட பேரில கையெழுத்து வைக்கட்டும்.

மறுப்பு வந்தா 14 நாளுக்குள்ள அதே நிறுவனத்தின்ர குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. பெரும்பாலும் அவர் முதல் ஆளின்ர மேலதிகாரிதான், பெரிசா எதிர்பார்க்காதேங்கோ, ஆனா அந்தப் படியைத் தாண்டாம மேல போகேலாது. அவர் முடிவு சொல்ல மூண்டு கிழமை. பிறகு இரண்டு மாதத்துக்குள்ள கொழும்பில இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அங்க மறுத்தது சரி எண்டு காட்ட வேண்டியது மறுத்த கந்தோர்தான், நீங்கள் இல்லை, வெறுமன பாதுகாப்பு எண்டு சொல்லிப்போட்டு இருக்கேலாது.

கோட் விசயம் வேற. பயங்கரவாதத் தடைச் சட்டக் கேஸ் எண்டா கட்டளைக் கொப்பியைப் பொலிசிட்டக் கேட்டு அலையிறவை கனபேர். அது பொலிஸ் தாற சாமான் இல்லை, நீதிமன்றப் பதிவாளரிட்டக் கேக்கோணும். அரசியலமைப்பின்ர 106 ஆம் உறுப்புரைப்படி வழக்குகள் பகிரங்கமா நடக்கோணும், தேசிய பாதுகாப்புக்காக ஆக்களை உள்ள விடாம நிப்பாட்டலாம்தான், ஆனா அதை நீதவானோ நீதிபதியோ முடிவெடுக்கோணும், வாசலில நிக்கிற பொலிஸ்காரர் இல்லை. உயர் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகள் அவையின்ர வெப்சைட்டில கிடக்கு, பெரும்பாலும் இங்கிலிஷில. நீதவான், மாவட்ட நீதிமன்றக் கட்டளைகளை அப்பிடித் தேடி எடுக்கேலாது, வழக்கு நம்பரோட போய் உறுதிப்படுத்தின பிரதிக்கு விண்ணப்பிக்கோணும். வழக்கில சம்பந்தப்படாத ஆள் எண்டா லோயரைப் பிடிச்சு மோஷன் (கோட்டுக்கு எழுத்தில விண்ணப்பம்) போடுறது நல்லது. நம்பர் தெரியாமப் போனா றெக்கோட் றூம்காரர் திருப்பி அனுப்பிப்போடுவினம், அதால ஆளைக் கோட்டில காட்டின அண்டைக்கே பி அறிக்கை (பொலிஸ் நீதவானுக்குக் குடுக்கிற அறிக்கை) நம்பரைக் கேட்டு எழுதி வையுங்கோ.

ஆளைப் பிடிச்சு எங்க வச்சிருக்கினம் எண்டு தெரியாட்டி இந்த 14 நாள் கணக்கு இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, உயிர், தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்ட விண்ணப்பத்துக்கு 48 மணித்தியாலத்துக்குள்ள பதில் தரோணும், விண்ணப்பத்தின்ர முதல் வரியிலயே அதைப் போடுங்கோ. மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர யாழ்ப்பாணப் பிராந்தியக் கந்தோரிலயும் அண்டைக்கே முறைப்பாடு குடுங்கோ, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பிடிச்சா 48 மணித்தியாலத்துக்குள்ள அவைக்கு அறிவிக்க வேண்டியது பிடிச்சவையின்ர கடமை.

காணாமல் போனோர் அலுவலகத்துக்குப் போற அம்மாமாருக்கு ஒண்டு. அங்க இரகசியமா வாங்கின தகவலுக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டம் செல்லாது எண்டு அவையின்ர சட்டத்திலயே இருக்கு. அதால ஃபைல் குடுக்க முதலே பொலிஸ் முறைப்பாடு, பழைய கடிதங்கள், படங்கள் எல்லாத்தையும் ரண்டு செற் கொப்பி அடிச்சு, ஒண்டை வீட்டிலயும் ஒண்டைச் சொந்தக்காரர் ஆரிட்டயும் வையுங்கோ.