படகு மேடேறிய கதை

"தண்ணீர் பள்ளத்துக்குத்தானே ஓடும்? சீனாவின் பெருங்கால்வாயில் படகுகள் எப்படி மேடேறின?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதிலை அரிசியிலிருந்து தொடங்க வேண்டும்.

நெல் விளைந்தது தெற்கே, யாங்சி ஆற்றுப் பக்கம். பேரரசின் படைகளோ பெரும்பாலும் வடக்கே. பெரிய ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதால் குறுக்கே நீர்வழி கிடையாது. சுய் வம்சத்துப் பேரரசர் யாங், 605 முதல் 610 வரை எண்ணற்ற மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்து, பழைய வாய்க்கால்களையும் புதியவற்றையும் கோத்தார். அவர் வம்சம் 618இல் கவிழ்ந்தது, கால்வாய் நிலைத்தது. பின்னால் சீனாவை ஆண்ட மங்கோலியர் ஷான்டோங் மாகாணம் வழியாக நேர்ப்பாதை வெட்டினார்கள். ஹாங்சோவிலிருந்து பெய்ஜிங் வரை சுமார் 1,800 கிலோமீட்டர்.

இனி மேட்டுக்கு வருவோம். முதலில் சாய்தளம் கட்டி, படகைக் கயிற்றால் இழுத்து அந்தப் பக்கம் இறக்கினார்கள். படகு உடையும்; அந்தக் கலவரத்தில் அரிசி மாயமாகும். இந்தத் திருட்டு பொறுக்காமல் 984இல் சியாவ் வெய்யுவே என்ற அதிகாரி ஹுவாய் ஆற்றருகே ஒரு வேலை செய்தார். சுமார் 75 மீட்டர் இடைவெளியில் இரண்டு மதகுகள். படகு உள்ளே வந்ததும் கீழ் மதகை மூடு. மேலிருந்து தண்ணீரை விடு. குளம் நிரம்ப நிரம்பப் படகும் தானாக எழும். மட்டம் சமமானதும் மேல் மதகைத் திற, போகலாம். படகைத் தூக்கியது தண்ணீரேதான்!

ஆனால் ஒவ்வொரு படகு ஏறி இறங்கும்போதும் உச்சியிலிருந்து தண்ணீர் கீழே போய்விடுகிறதே, உச்சிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? மங்கோலியர் தண்ணீரை ஷான்டோங்கின் ஜினிங் ஊரில் சேர்த்தார்கள். அது உச்சி அல்ல. அதற்கு வடக்கே உள்ள நான்வாங்தான் அதைவிட உயரம். அதனால் வடக்கே தண்ணீர் போதவில்லை. பிறகு 1391இல் மஞ்சள் ஆற்று வெள்ளத்தில் கால்வாய் தூர்ந்தது. 1411இல் மிங் வம்சத்து அமைச்சர் சோங் லி, உள்ளூர்ப் பெரியவர் பாய் யிங்கின் யோசனைப்படி வென் ஆற்றை அணைகட்டித் திருப்பி, நான்வாங்குக்கே கொண்டுவந்தார். அங்கே வந்த தண்ணீர் பிரிந்து வடக்கும் தெற்குமாக ஓடியது. நிலத்தின் ஏற்ற இறக்கம் அந்த ஊர்க்காரருக்குக் காலடியில் தெரிந்திருக்கிறது. நம் ஆய்வுத் திட்டங்களில் இப்படிப்பட்டவர்களிடம் யாராவது கேட்கிறார்களா?

அதற்குப் பிறகு தலைநகருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ஷி தானியம் இந்த வழியே போனது. ஒரு ஷி ஏறக்குறைய 100 லிட்டர். நான்வாங்கில் நீர்த் தெய்வமான நாகராஜனுக்குக் கோயில் எழுப்பினார்கள். அந்த வளாகத்திலேயே சோங் லிக்கும் பாய் யிங்குக்கும் சன்னதி உண்டு. நான் போனால் முதல் கும்பிடு பாய் யிங்குக்குத்தான்.