ஃபர்ம்வேர்: நிலைபொருளில் எது நிலைக்கிறது?

வீட்டில் வைஃபை தரும் பழைய ரவுட்டரில் வேறொரு ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் நிரலை, ஏற்றிக்கொள்ளலாம் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ‘அது கம்பெனி கொடுப்பதாயிற்றே, அதைப் போய் நாம் மாற்றலாமா?’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்தத் தயக்கத்தில் பாதி அந்தச் சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ‘லா ஃபர்ம்’, ‘ஆடிட் ஃபர்ம்’ என்று கேட்டுப் பழகிய காதில் ஃபர்ம்வேர் என்பது ‘நிறுவனத்தின் சரக்கு’ என்றே விழுகிறது. நிறுவனத்தின் சரக்கில் நாம் கைவைக்கக் கூடாது என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது.

இங்கே ஃபர்ம் என்றால் நிறுவனம் இல்லை. கெட்டியான, உறுதியான என்று பொருள். இரண்டு பொருளும் லத்தீன் மொழியின் ‘ஃபிர்முஸ்’ என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவைதான். ஒன்றை உறுதி செய்யக் கையெழுத்திடுவார்கள். அந்தக் கையெழுத்துக்கு இத்தாலிய மொழியில் ‘ஃபிர்மா’ என்று பெயர். எந்தப் பெயரில் கையெழுத்திட்டு வணிகம் நடந்ததோ அந்தப் பெயரும், பிறகு அந்த வணிகமும் ஃபர்ம் ஆயின. ஃபர்ம்வேரில் உள்ள ஃபர்ம் அந்தக் கிளையைச் சேர்ந்ததல்ல, நேராக ‘உறுதி’யிலிருந்து வந்தது. பின்பாதியான ‘வேர்’ பழைய ஆங்கிலத்தில் விற்பனைச் சரக்கைக் குறித்தது. ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடைக்கு இன்றும் ஹார்டுவேர் கடை என்று பெயர் இருப்பது அதனால்தான். கணினி வந்தபோது அதன் இரும்புப் பகுதிக்கு அந்தப் பெயர் போயிற்று. அதற்கு எதிர்ச்சொல்லாக வந்த சாஃப்ட்வேரை 1958இல் கணிதவியலாளர் ஜான் டுக்கி அச்சில் பயன்படுத்தினார். வன்மைக்கும் மென்மைக்கும் நடுவே ஒன்றுக்குப் பெயர் தேவைப்பட்டபோது, 1967இல் ‘டேட்டாமேஷன்’ இதழில் ஆஷர் ஓப்ளர் ஃபர்ம்வேர் என்ற சொல்லை முன்வைத்தார்.

அவர் அந்தப் பெயரை வைத்தது எதற்கு என்பதைக் கவனிக்க வேண்டும். செயலியின் உள்ளே, அதன் கட்டளைகளையே வரையறுக்கும் நுண்நிரலுக்கு வைத்தார். அதிலும், மாற்றி எழுதக்கூடிய நினைவகத்தில் இருக்கும் நுண்நிரலுக்கு. வேறு நுண்நிரலை ஏற்றினால் அதே கணினி வேறு வேலைக்கு ஏற்றதாக மாறிவிடும். ஆக, இந்தச் சொல் பிறந்தபோதே மாற்றத்துக்கு இடம் வைத்துத்தான் பிறந்தது. மாற்றவே முடியாதது என்ற எண்ணம், நிரலைப் படிப்பதற்கு மட்டுமேயான சில்லுகளில் பொறித்து விற்ற காலத்தில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் புறஊதா ஒளி காட்டி அழிக்கக்கூடிய சில்லு வந்தது, மின்சாரத்தாலேயே அழிக்கக்கூடியது வந்தது, 1984இல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா ஃப்ளாஷ் நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார். ஒரு பெரிய பகுதியை ஒரே வீச்சில் அழிப்பது கேமராவின் ஃப்ளாஷ் போல இருக்கிறது என்று அவருடைய சக ஊழியர் சொன்னதால் அந்தப் பெயர். இன்று ரவுட்டரில் புது ஃபர்ம்வேரை எழுதுவதை ‘ஃப்ளாஷ் பண்ணுவது’ என்கிறோமே, அந்தச் சொல்லின் ஊற்று இதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வன்பொருள், மென்பொருள் இரண்டும் நன்றாக வேரூன்றிவிட்டன. வல்லினம், மெல்லினம் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு அடுத்து இடையினம் நினைவுக்கு வராமல் போகாது. வன்மைக்கும் மென்மைக்கும் நடுவில் இருப்பதால் ‘இடைப்பொருள்’ என்று சொல்லலாமே என்று நானும் ஆசைப்பட்டிருக்கிறேன். ஆனால் இரண்டு மென்பொருள்களுக்கு நடுவே நின்று இணைக்கும் மிடில்வேருக்குத்தான் அது பொருந்தும். ‘திடப்பொருள்’ என்றால் இயற்பியல் பாடத்தில் திரவத்துக்கும் வாயுவுக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். ‘உறுதிப்பொருள்’ என்றால் அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்கையும் நினைப்போம். அந்த இடத்தைப் பறிக்க வேண்டாம்.

புழக்கத்தில் இருக்கும் நல்ல சொல் ‘நிலைபொருள்’. இதையே ‘நிலைப்பொருள்’ என்று ப் போட்டும் எழுதுகிறார்கள். ஓர் ஒற்றுதானே என்று விட்டுவிட முடியவில்லை, பொருளே மாறுகிறது. நிலைப்பொருள் என்றால் நிலையான பொருள், அதாவது அசையாதது, மாறாதது. நிலைபொருள் என்றால் வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு போல நடுவில் வல்லினம் மிகாது. நிலைத்த பொருள், நிலைக்கின்ற பொருள், நிலைக்கும் பொருள் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். ‘நிலைபேறு’ என்று ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் சொல்லும் ஒற்று மிகாமல்தான் வருகிறது. ரவுட்டருக்குள் நடப்பதும் அதுதான். மின்சாரம் போனால் ராம் நினைவகத்தில் இருந்ததெல்லாம் போய்விடும். ஃப்ளாஷ் சில்லில் எழுதியது தங்கும். மறுபடி மின்சாரம் வந்ததும் அங்கிருந்து எழுந்து வேலையைத் தொடங்கும். நிலைப்பது மின்சாரம் போன பின்னும் தங்கியிருப்பதால். மாற்றக் கூடாது என்பதால் அல்ல. ஆங்கிலச் சொல்லைவிட நம் சொல் இந்த விஷயத்தில் தெளிவானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதனால் ஒற்று இல்லாத வடிவத்தையே எழுதுகிறேன்.

ரவுட்டருக்குத் ‘திசைவி’ என்ற சொல் உண்டு. நன்றாகவே இருக்கிறது. ஆனால் பேச்சில் ரவுட்டர் என்பது ஊன்றிவிட்டதால் இங்கே அப்படியே விட்டிருக்கிறேன்.

ரவுட்டரில் நாம் மாற்றி ஏற்றும் நிலைபொருளை ‘மூன்றாம் தரப்பு’ நிலைபொருள் என்பார்கள். அந்தச் சொல் சட்ட மொழியிலிருந்து வந்தது. ஒப்பந்தம் செய்பவர்கள் இருவர், அவர்களுக்கு வெளியே நிற்பவர் மூன்றாமவர். (தரப்பு என்பதே பக்கம் என்று பொருள்படும் ‘தரஃப்’ என்ற அரபுச் சொல் உருது வழியாக வந்து தமிழானது.) ரவுட்டரைச் செய்தவர் ஒரு தரப்பு, வாங்கியவர் இன்னொரு தரப்பு, இருவருமல்லாத ஒருவர் எழுதிய நிலைபொருள் மூன்றாம் தரப்பு நிலைபொருள். ‘யாரோ வெளியாள்’ என்ற சந்தேக வாடை இந்தச் சொல்லில் இருக்கிறது. ஆனால் ரவுட்டர் உலகில் அந்த வெளியாள் எழுதியதன் மூலநிரல் பெரும்பாலும் யாரும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது. செய்தவர் எழுதியது பல நேரம் மூடித்தான் இருக்கிறது.

அந்த வெளியாட்கள் உள்ளே வந்த கதை ஒரே ஒரு ரவுட்டரிலிருந்து தொடங்குகிறது. 2002 டிசம்பரில் லிங்க்ஸிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற மாதிரியை வெளியிட்டது. அதன் நிலைபொருளுக்குள் லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளம் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் ஜிபிஎல் உரிமப்படி, அதை விற்பவர் மூலநிரலையும் தர வேண்டும். 2003இல் மூலநிரல் வெளியானது. 2004இல் அதை அடித்தளமாகக் கொண்டு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மாற்று நிலைபொருள் திட்டம் பிறந்தது. டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ ஆகியவையும் அதே ஊற்றிலிருந்து வந்தவை. பெயர்களில் ஒட்டியிருக்கும் ‘டபிள்யூஆர்டி’ அந்தப் பழைய மாதிரி எண்ணின் எச்சம். டிடி என்பது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர வண்டிகளின் பதிவுப் பலகையில் வரும் எழுத்துகள்.

இன்னொரு சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: ‘இற்றைப்படுத்தல்’. அன்றைக்கு அற்றை, இன்றைக்கு இற்றை. இன்றைய நிலைக்குக் கொண்டுவருவது இற்றைப்படுத்தல். தயாரிப்பாளர் தந்ததை எடுத்துவிட்டு ஓப்பன்டபிள்யூஆர்டியை ஏற்றுவது இற்றைப்படுத்தல் அல்ல, ‘மாற்றீடு’. அதன் பிறகு அதன் புதிய பதிப்புக்குப் போவதுதான் இற்றைப்படுத்தல். இதைச் சொல் ஆராய்ச்சி என்று தள்ளிவிட வேண்டாம். ஓப்பன்டபிள்யூஆர்டி பல மாதிரிகளுக்கு இரண்டு கோப்புகளைத் தருகிறது: ‘ஃபேக்டரி’ என்பது முதல் மாற்றீட்டுக்கு, ‘சிஸ்அப்கிரேட்’ என்பது பின்னாளைய இற்றைப்படுத்தலுக்கு. எந்தக் கோப்பு எந்த வேலைக்கு என்று குழம்புவது தொடக்கத்தில் பலருக்கும் நேர்வது.

பழைய ரவுட்டருக்கு இந்த மாற்றீடு ஏன் தேவை என்றால், தயாரிப்பாளர் ஒரு நாள் இற்றைப்படுத்தலை நிறுத்திவிடுவார். கருவி நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே பாதுகாப்பு ஓட்டைகள் மட்டும் அடைபடாமல் இருக்கும். 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்திருந்தது தெரியவந்தது. ஏற்கெனவே ஊரறிந்த ஓட்டைகள் இருந்த கருவிகளே பெரும்பாலும் அதற்கு இரையாயின. மாற்று நிலைபொருளில் அந்த அடைப்பு வேலை தொடர்கிறது. தயாரிப்பாளர் கைவிட்ட பல கருவிகளில் டபிள்யூபிஏ3 போன்ற புதிய வைஃபை பாதுகாப்பும் கிடைத்துவிடுகிறது.

எல்லாப் பழைய ரவுட்டரையும் இப்படிக் காப்பாற்ற முடியாது. இன்றைய ஓப்பன்டபிள்யூஆர்டிக்கு 8 எம்பி ஃப்ளாஷும் 64 எம்பி ராமும் குறைந்தபட்சம், 16உம் 128உம் இருந்தால்தான் மூச்சுவிட இடம் இருக்கும். 4 எம்பி, 32 எம்பி கருவிகளின் காலம் முடிந்துவிட்டது. சில வைஃபை சில்லுகளுக்குத் திறந்த இயக்கி (டிரைவர்) கிடையாது. பிராட்காம் சில்லு உள்ள பல ரவுட்டர்களில் வைஃபை வேண்டுமென்றால் டிடி-டபிள்யூஆர்டியோ, டொமேட்டோவின் வழிவந்த ஃப்ரெஷ்டொமேட்டோவோதான் வழி. பெட்டியின் மேலிருக்கும் பெயரை மட்டும் நம்பியும் இறங்கக் கூடாது. அந்த டபிள்யூஆர்டி54ஜியே 2005இல் ஐந்தாம் பதிப்பாக வந்தபோது ஃப்ளாஷ் 4 எம்பியிலிருந்து 2 எம்பியாகவும் ராம் 16 எம்பியிலிருந்து 8 எம்பியாகவும் சுருங்கின. லினக்ஸும் போய் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறொரு இயங்குதளம் வந்தது. வெளியே அதே நீலப் பெட்டி. அடிப்பக்க ஒட்டுத்தாளில் மாதிரி எண்ணோடு சேர்ந்து வரும் வி1, வி2 என்ற சிற்றெழுத்துதான் உண்மையான பெயர்.

அதைப் பார்க்காமல் தவறான கோப்பை எழுதினால், அல்லது எழுதும்போது மின்சாரம் போனால், ரவுட்டர் ‘பிரிக்’ ஆகிவிட்டது என்பார்கள். அதாவது செங்கல். தமிழில் ‘கல்லாகிவிட்டது’ என்றாலே போதும், நமக்கு அகலிகையின் நினைவும் வரும். அந்த நினைவு பொருத்தமானதும்கூட, ஏனென்றால் கல்லானவற்றில் பல மீளக்கூடியவை. நான் எழுதிக் கல்லாக்கிய ஒன்று மறுநாள் எழுந்தது. ஃப்ளாஷின் தொடக்கத்தில் ‘பூட்லோடர்’ என்ற சிறு துவக்கி நிரல் தனிப் பகுதியில் இருக்கிறது. வழக்கமான மாற்றீடு அதைத் தொடுவதில்லை. மேலே உள்ளதெல்லாம் கெட்டுப்போனாலும் அது எழுந்து, பல கருவிகளில் சில நொடிகள் கேபிள் வழியே ஒரு நல்ல கோப்புக்காகக் காத்திருக்கும். அந்த நொடிகளில் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறையில் கோப்பை அனுப்பினால் ரவுட்டர் எழுந்துவிடும். அதனால்தான் வைஃபையை நம்பாமல் கேபிளைச் செருகிக்கொண்டு உட்கார வேண்டும். மாற்றீடு முடிந்ததும் ஓப்பன்டபிள்யூஆர்டி பொதுவாக வைஃபையை அணைத்து வைத்தே எழும் என்பதும் இன்னொரு காரணம்.

அதே ஃப்ளாஷில் இன்னும் ஒரு சிறு பகுதி உண்டு. ஏதெரோஸ் சில்லுள்ள கருவிகளில் அதற்கு ‘ஏஆர்டி’ என்று பெயர். அந்த ஒரு கருவியின், வைஃபை அலைகளை அனுப்பிப் பெறும் பகுதியை ஆலையில் அளந்து எழுதிய எண்கள் அதில் இருக்கும். ஒரே மாதிரியில் இரண்டு கருவிகளுக்குக்கூட அவை ஒன்றாக இருக்காது. எந்த நிலைபொருளைப் பதிவிறக்கினாலும் அது கூடவே வராது. போனால் வைஃபை ஒழுங்காக வேலை செய்யாது. ஓப்பன்டபிள்யூஆர்டி ஏறியதும் முதல் வேலையாக அந்தப் பகுதியை நகலெடுத்து வேறொரு கணினியில் வைத்துவிடுங்கள். அப்புறம் எந்தப் பதிப்பை வேண்டுமானாலும் ஏற்றிப் பாருங்கள்.