கட்டம் கட்டமாக உடையும் முகம்

கானாடுகாத்தான் வீட்டில் அப்பத்தா எப்போதும் 'இரண்டாம் கட்டு' என்கிற பின்பகுதியில் உட்கார்ந்துதான் சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியோடு வீடியோவில் பேசுவார். ஒருநாள் பேச்சு பாதியில் நிற்க, போனை என்னிடம் நீட்டிக் கேட்டார்: "படமா அனுப்புனா முழுசா வந்து சேருது. நேருல பேசுனா மட்டும் என்னத்துக்கு மூஞ்சி ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச மாதிரி கட்டங்கட்டமா உடையுது?"

போன் ஒன்று, வைஃபை ஒன்று, கடந்துபோகும் கடலும் ஒன்று. பிறகு ஏன் இரண்டு விதம்? நான் கல்லூரியில் கணினி வலையமைப்பு படித்தபோது இவ்வளவு நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை.

அப்பத்தாவுக்கு ட்ரங்க் கால், அந்தக் கால வெளியூர் டெலிபோன் அழைப்பு, நன்றாக நினைவிருக்கிறது. பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு தடத்தை இணைத்துக் கொடுப்பார். பேசி முடிக்கும்வரை அது உங்களுக்கு மட்டும்தான். நடுவில் நீங்கள் பேசாமல் இருந்தாலும் அந்தத் தடம் சும்மா கிடக்குமே தவிர, வேறு யாருக்கும் போகாது. கணினிகளுக்கு இது ஒத்துவரவில்லை. அவை ஒரு நொடி கொட்டித் தீர்த்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருக்கும். 1960களில் அமெரிக்காவில் பால் பேரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: தடத்தை ஒருவருக்கே ஒதுக்காதே, செய்தியைத் துண்டு போடு, எல்லாருடைய துண்டுகளும் ஒரே பாதையில் கலந்து போகட்டும். அந்தத் துண்டுக்கு 'பாக்கெட்' என்று பெயர் வைத்தவர் டேவிஸ்.

கலந்து போனால் எது யாருடையது என்று எப்படித் தெரியும்? எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு விலாசம் உண்டு, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள். பாத்திரம் ஒவ்வொன்றிலும் அதை வெட்டி வைத்திருப்பார்கள். கல்யாண வீட்டுக்கு இரவல் போன அண்டா பத்து வீட்டுச் சாமானோடு கலந்து கிடந்தாலும் எழுத்தைப் பார்த்து வீடு திரும்பிவிடும். பாக்கெட்டும் அப்படித்தான். அனுப்பியவரின் ஐபி விலாசம் (வலையில் கருவியைக் குறிக்கும் எண்), பெறுபவரின் ஐபி விலாசம் இரண்டையும் தன்மேல் சுமந்தே கிளம்புகிறது. ஒரு பாக்கெட்டில் வழக்கமாக 1,500 பைட் வரைதான் கொள்ளும். ஆகவே 3 எம்பி அளவுள்ள ஒரு படம் சுமார் 2,000 துண்டுகளாகிறது.

பாக்கெட்டை வாங்கி அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும் கருவிகள்தான் ரவுட்டர்கள். வழியில் உள்ள அவற்றுக்குச் சிங்கப்பூரில் என் தம்பி எந்த அறையில் இருக்கிறான் என்பது தெரியாது, தெரியவும் வேண்டாம். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் பார்சல் ஏற்றுபவர் 'சென்னை' என்பதை மட்டும் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுக்கிறார். தெருவும் கதவிலக்கமும் சென்னையில் இறக்குபவர் பாடு. ரவுட்டரும் விலாசத்தின் முன்பகுதியைப் பார்த்து அடுத்த ரவுட்டரிடம் தள்ளிவிடும். பாக்கெட் வழி தவறிச் சுற்றிக்கொண்டே இருந்துவிடக் கூடாது என்பதற்காக அதில் ஓர் எண் இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும்.

எறிவது இதற்காக மட்டுமில்லை. வரிசை நிரம்பி, வைக்க இடமில்லையென்றாலும் எறிந்துவிடும். இந்த வலை எதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக வாக்குக் கொடுப்பதே இல்லை. எனக்கு இதில் பிடித்த விஷயமே இதுதான்.

அப்படியானால் படம் எப்படி முழுசாக வருகிறது? பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்த நம் முன்னோர் கப்பலையும் தபாலையும் மட்டும் நம்பித் தொழில் செய்யவில்லை. கடையில் ஒரு பேரேடு, ஊரில் ஒரு பேரேடு. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். வலைகளை ஒன்றோடொன்று இணைக்க, அமெரிக்கக் கணினி அறிஞர்கள் விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974இல் எழுதிய வடிவமைப்பின் சாரமும் இதுவே. கணக்கு இரண்டு முனைகளில்தான் இருக்கும், வழியில் இல்லை. அதிலிருந்து பிறந்த டிசிபி முறையில் அனுப்பும் பைட்டுகளுக்கெல்லாம் வரிசை எண் உண்டு. வாங்கிய முனை 'இதுவரை வந்தது' என்று ரசீது அனுப்பும். ரசீது வராவிட்டால் அனுப்பிய முனை அதே துண்டை மறுபடி அனுப்பும். முன்னும் பின்னுமாக வந்தவற்றை எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்ளலாம். 2,000 துண்டும் சேரும்வரை படம் காத்திருக்கும். அதற்கு அவசரமில்லை.

ஆனால் எல்லாரும் மறுபடி மறுபடி அனுப்பினால்? 1986இல் கலிபோர்னியாவில், சுமார் 400 கஜ தூரமே உள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் இடையே, நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. நெரிசலில் பாக்கெட் தொலைய, தொலைந்ததை மறுபடி அனுப்ப, நெரிசல் இன்னும் கூடியது. அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் கொண்டுவந்த தீர்வு 1988இல் வெளியானது: முதலில் கொஞ்சமாக அனுப்பு, ரசீது ஒழுங்காக வந்தால் கூட்டு, ஒன்று தொலைந்தால் வேகத்தைச் சட்டென்று குறை. அதை மேம்படுத்திய வடிவங்கள் இன்று போன்களில் இருக்கின்றன. மேலே உட்கார்ந்து யாரும் கட்டளையிடாமலே கோடிக்கணக்கான கருவிகள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கின்றன.

நேருக்கு நேர் பேசும்போது நிலைமை வேறு. 'சாப்பிட்டியா' என்பதில் 'சா' தொலைந்துபோனால், அரை நொடி கழித்து அது வந்து என்ன பயன்? அதனால் வீடியோ கால் பெரும்பாலும் யூடிபி என்ற எளிய முறையில் போகிறது. தொலைந்ததற்காகப் பேச்சை அது நிறுத்தி வைப்பதில்லை. பிந்தி வந்ததைத் தள்ளிவிட்டு அடுத்ததைக் காட்டும். வீடியோவைச் சுருக்கும் முறை படத்தைச் சிறுசிறு சதுரங்களாகப் பிரித்து, பெரும்பாலும் முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும்தான் அனுப்புகிறது. மாற்றம் சொல்லும் துண்டு தொலைந்தால் பழைய சதுரம் அப்படியே நிற்கும், பக்கத்துச் சதுரம் நகர்ந்துவிடும். அப்பத்தா பார்த்த ஆத்தங்குடிக் கல் அதுதான்.

துண்டுகள் எங்கே தொலைந்தன? கடலைத்தான் முதலில் சந்தேகிப்போம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் கிடக்கும் கேபிள் ஒன்றின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கணக்குப் போட்டால் 16 மில்லி நொடி, கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கு. பெரியவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி நாள்கணக்கில் கடந்த கடல் அது.

கோளாறு வீட்டுக்குள்ளேயே இருந்தது. வைஃபை பெட்டி முகப்பில். அப்பத்தா இரண்டாம் கட்டில். நடுவில் சுண்ணாம்பு பூசிய தடித்த செங்கல் சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அவற்றைக் கடப்பதற்குள் மிகவும் மெலிந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கொஞ்சம் தாங்கும், ஆனால் வேகம் குறைவு. சுவரில் தொலைந்ததை வைஃபை தானே சில முறை மறுபடி அனுப்பிப் பார்க்கும். அது போய்ச் சேர்வதற்குள் பேச்சு கடந்துவிட்டிருக்கும்.

முகப்பிலிருந்து ஒரு கேபிள் இழுத்து இரண்டாம் கட்டில் இன்னொரு வைஃபை பெட்டி வைத்தேன். வேலை முடியும்வரை அப்பத்தாவை நடு முற்றமான வளவின் தூண் ஓரமாக உட்கார்ந்து பேசச் சொன்னேன். முகப்பு வாசல் நேர்க்கோட்டில் திறந்திருக்க, தம்பியின் முகம் உடையவில்லை. "இளைச்சுப் போயிட்டானே" என்றார்.