அலகும் ரசமும்

வைகாசியில் சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் திருவிழாவுக்குப் போனபோது, என் சித்தப்பா மகன் அலகு குத்திக்கொண்டதை ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்தேன். காப்புக் கட்டி விரதம் இருந்தவன். வைகையில் குளித்த ஈரம் மஞ்சள் வேட்டியில் இன்னும் காயவில்லை. குத்துகிற பெரியவர் அவன் கன்னத்தில் விபூதியை வைத்து அழுத்தித் தேய்த்தார். ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டு, வெளியே கட்டைவிரலை வைத்து, ஜவுளிக்கடையில் துணியைப் பிடித்துப் பார்ப்பதுபோல் கன்னத்தை உருட்டிப் பார்த்தார். உறுமி வேகமெடுத்தது. பெண்கள் குலவை போட்டார்கள். கம்பி இந்தக் கன்னத்தில் நுழைந்து அந்தக் கன்னத்தில் வெளியே வந்துவிட்டது. ரத்தம் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அதுவும் விபூதியில் ஊறிப் போனது.

“ஆத்தா அருள். அதான் ரத்தமும் இல்ல, வலியும் இல்ல” என்றார் பக்கத்தில் நின்றவர். அருளைப் பற்றி எனக்கு வழக்கில்லை. ஆனால் ரத்தம் வராததும் வலி தெரியாததும் ஒரே சங்கதி அல்ல. முன்னது கன்னத்தில் நடப்பது, பின்னது மண்டைக்குள் நடப்பது.

ரத்தக் கணக்கு எளிது. சாக்கு தைக்கும் கோணூசியை நினைத்துக்கொள்ளுங்கள். அது சணல் இழையை அறுப்பதில்லை, விலக்கிக்கொண்டு போகிறது. அலகும் அப்படித்தான்: முனை கூர், உடம்பு உருட்டை, வெட்டும் விளிம்பு கிடையாது. தோலில் இருக்கும் மீள்தன்மையுள்ள நார்கள் விலகி வழிவிட்டு, உடனே கம்பியைச் சுற்றி இறுக்கிக்கொள்கின்றன. ஓட்டையை அடைக்கும் தக்கை அந்தக் கம்பியேதான். பரபரப்பில் சுரக்கும் அட்ரினலின் தோலின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுவது கூடுதல் உதவி.

எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. முகத்துக்கான பெரிய தமனி தாடை எலும்பைத் தாண்டி மேலேறி, வாயோரமாக மூக்கை நோக்கிப் போகிறது. காதருகே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே வாய்க்குள் திறக்கிறது. இரண்டில் எதைக் குத்தினாலும் வம்பு. பெரியவர் விரலை விட்டுத் துழாவியது சடங்குக்காக அல்ல, சதை மெல்லிசான இடம் தேடி. (இருபது அடி அலகைப் பார்த்து வாய்பிளக்கிறவர்கள் இரண்டு முனையையும் கவனியுங்கள். பாரம் கன்னத்தில் இல்லை, தாங்கிப் பிடிக்கிற மாமன் மச்சான் கையில் இருக்கிறது.)

வலிதான் சிக்கலான கணக்கு. கன்னத்தில் குத்தினால் அங்கிருந்து கிளம்புவது வலி அல்ல, ‘இங்கே திசு கெடுகிறது’ என்ற தகவல் மட்டுமே. அதை வலியாக்குவதும் ஒதுக்கி வைப்பதும் மூளையின் வேலை. இடித்துக்கொண்ட முழங்காலை நாம் ஏன் தேய்க்கிறோம்? தொடு உணர்ச்சி போகும்போது வலித் தகவலுக்கு வழி அடைபடும் என்று 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கம் சொன்னார்கள். பெரியவர் விபூதி வைத்துத் தேய்த்தது ஞாபகமிருக்கிறதா?

1975-இல் மூளையிலேயே அபின் போல வேலை செய்யும் வேதிப்பொருள்கள் சுரப்பது கண்டுபிடிக்கப்பட்டது. மூன்று வருடம் கழித்துக் கலிபோர்னியாவில், கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தே இல்லாத போலி ஊசி போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. அபினை முறிக்கும் நலாக்சோனைக் கொடுத்ததும் வலி திரும்பியது. அதாவது, ‘வலிக்காது’ என்ற நம்பிக்கை உடம்புக்குள் நிஜ மருந்தைச் சுரக்க வைத்திருக்கிறது. விரதம், காப்பு, உறுமி, குலவை, சுற்றி நிற்கும் சொந்தம் எல்லாம் சேர்ந்து அந்த நம்பிக்கையை எவ்வளவு ஏற்றும் என்று யோசியுங்கள்.

அவன் அமைதியாக நின்றான், அழுதது சித்திதான். ஸ்பெயினில் தீமிதித்தவர்களையும் பார்த்து நின்றவர்களையும் அளந்து 2011-இல் வெளியான ஆய்வில், மிதித்தவரின் இதயத்துடிப்பு ஏறி இறங்கிய போக்கிலேயே உறவினரின் துடிப்பும் போனது. வெறும் பார்வையாளரிடம் அது தெரியவில்லை. சித்திக்கு வலித்தது வெறும் பேச்சல்ல.

ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. விபூதி ரத்தத்தை உறிஞ்சும், ஆனால் கிருமியைக் கொல்லும் என்று நம்பக்கூடாது. ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமியின் வித்து மண்ணிலும் சாணத்திலும் வருடக்கணக்கில் கிடக்கும். ஒருவருக்குக் குத்திய கம்பியை அடுத்தவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலை பி வகை தொற்றலாம். கொதிக்கவைத்த தனிக் கம்பி, முன்கூட்டியே ரணஜன்னிக்கு ஒரு தடுப்பூசி. ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கோயிலில் அலகைக் கழற்றியபோதும் அவன் முகம் சுளிக்கவில்லை. ராத்திரி வீட்டில், உறுமிச் சத்தமெல்லாம் அடங்கிய பிறகு, சித்தி ரசம் ஊற்றினாள். முதல் வாயிலேயே “ஆத்தாடி!” என்று துள்ளி எழுந்துவிட்டான். மிளகாய்க் காரத்தையும் சூட்டையும் நரம்பில் பிடிப்பது ஒரே உணர்வி. 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழு அதைக் கண்டுபிடித்தது. 2021-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. வழக்கமாக 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் விழிக்கும் அந்த உணர்வி, புண் வீங்கிய இடத்தில் அதற்கும் குறைந்த சூட்டிலேயே கத்த ஆரம்பித்துவிடும்.

“குத்தும்போது வலிக்கலண்ணே, இதுதான் தாங்கல” என்றான். சித்தி தட்டை மாற்றித் தயிர்சாதம் வைத்தாள்.