"நான் அப்பவே சொன்னேனே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்

இந்த மாதத்தில் இது ஐந்தாவது ஆள். தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பு, சாப்பாடு இறங்கவில்லை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார். பொது மருத்துவர் இசிஜி, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு "உடம்பில் ஒன்றுமில்லை" என்று மனநல ஆலோசகரான என்னிடம் அனுப்பியிருக்கிறார். நானும் வழக்கம்போல வேலை, கடன், பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனேன். எல்லாவற்றுக்கும் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றே பதில் வந்தது. கடைசியில் கூட வந்த மனைவிதான் வாயைத் திறந்தார். "இவங்க கட்சி அந்தக் கட்சிகூடக் கூட்டணி வெச்சதுல இருந்துதாங்க இப்படி."

ஐம்பத்தைந்து வயது மனிதர், திருட்டுத்தனம் பிடிபட்ட பையனைப்போலத் தலையைக் குனிந்துகொண்டார். (மூன்று பேரின் கதையை ஒருவருடையதாக்கி, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். "இது நம்மைத்தான் சொல்றாங்க" என்று யாருக்காவது தோன்றினால், அது நீங்கள் இல்லை.)

அப்புறம் போனை எடுத்து ஒரு பழைய காணொலியைக் காட்டினார். தலைவர் மேடையில் நின்று, "உயிரே போனாலும் அவர்களோடு கைகோக்க மாட்டோம்" என்கிறார். சரியாக அந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்துகிறார். பின்னால் தள்ளுகிறார், மறுபடி ஓட்டுகிறார், மறுபடி நிறுத்துகிறார். எத்தனை முறை பார்த்திருந்தால் விரலுக்கே அந்த இடம் பழகியிருக்கும்! "இந்தக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டவன் நாங்க" என்றார். குரல் அங்கேதான் உடைந்தது.

"அரசியல்தானே, இதுக்குப் போயா?" என்று கேட்பவர்களுக்கு நான் அதிகம் விளக்கப்போவதில்லை. ஊரே ஒப்புக்கொள்ளும் துக்கத்துக்கு விசாரிக்க ஆள் வருவார்கள். யாரும் துக்கமென்றே ஒப்புக்கொள்ளாததைத் தனியாகத்தான் சுமக்க வேண்டும். கென்னத் டோகா என்ற ஆய்வாளர் 1989-லேயே இந்த வகைத் துக்கத்துக்கு ஒரு பெயர் வைத்து எழுதிவிட்டார். முப்பது வருடம் நேரத்தையும் காசையும் கொடுத்து, உறவுகளைப் பகைத்துக்கொண்டு கட்டிக்காத்த ஒன்று கைவிட்டால் வலிக்கத்தான் செய்யும். சரி, அடுத்தது.

எனக்கு உண்மையிலேயே பொறுக்காதது வேறொன்று. "முகத்துக்கு நேரே ஆதாரத்தை எடுத்து வெச்சா புரிஞ்சுக்குவான், திருந்திடுவான்" என்ற நம்பிக்கைதான் அது. படித்தவர்கள், நல்லவர்கள், அக்கறை உள்ளவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். இந்த மனிதரின் மைத்துனர், கூட்டணி அறிவிப்பு வந்த பத்தாவது நிமிடம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதே பழைய காணொலியைப் போட்டு, கீழே சிரிக்கும் பொம்மை மூன்று வைத்து, "நான் அப்பவே சொன்னேனே மாமா" என்று எழுதினாராம். அவ்வளவுதான். அதுவரை தன் கட்சிமேல் கொதித்துக்கொண்டிருந்தவர், அந்த நொடியில் கட்சிக்கு வக்கீலாகிவிட்டார். "இது ராஜதந்திரம், உனக்குப் புரியாது" என்று ஒன்றரை மணிநேரம் டைப் செய்திருக்கிறார். அதில் ஒரு வரியைக்கூட அவரே நம்பவில்லை. என்னிடம் சொன்னார்.

கவனியுங்கள், ஏமாற்றத்தை அவர் ஏற்கெனவே உணர்ந்துவிட்டார். தகவல் குறைவால் வந்த கஷ்டமில்லை இது. அதை வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் இல்லை என்பதுதான் அவர் கஷ்டம். கட்சிக்காரர்களிடம் சொன்னால் துரோகி, எதிர்த்தரப்பிடம் சொன்னால் "பார்த்தியா!" என்ற கொண்டாட்டம், வீட்டில் சொன்னால் "இத்தனை வருஷம் எங்களை விட்டுட்டு அங்கே போனியே" என்ற பழைய கணக்கு. ஒப்புக்கொள்வதற்கு விலை அதிகமானால் மனிதர் ஒப்புக்கொள்ள மாட்டார், சமாதானம் தேடுவார். ஏமாந்தவர் முட்டாள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

1959-இல் ஆரன்சனும் மில்ஸும் ஒரு சோதனை நடத்தினார்கள். கல்லூரிப் பெண்கள் ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர வேண்டும். சிலருக்கு மட்டும் சேருவதற்கு முன்பு கூச்சப்பட வைக்கும் ஒரு தேர்வு. பிறகு கேட்கக் கிடைத்த உரையாடலோ வேண்டுமென்றே தயாரித்த சலிப்பான பேச்சு. கஷ்டப்பட்டு உள்ளே போனவர்கள்தான் அதை மற்றவர்களைவிட நன்றாக இருந்தது என்றார்கள். அப்படியென்றால் முப்பது வருடம் நாற்காலி போட்டவரிடம் போய், மூன்று சிரிக்கும் பொம்மையை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன சாதிக்கப் போகிறீர்கள்? அவர் கொடுத்த விலை வீண் என்று நீங்கள் சொல்லச் சொல்ல, அது வீணில்லை என்று காட்ட அவர் இன்னும் கொஞ்சம் கொடுப்பார். எங்கள் தொழிலில் தினம் பார்ப்பது இது. அடிக்கும் கணவனைப் பற்றிக் குறை சொன்ன அக்காவிடம் பேச்சை நிறுத்திவிட்டு, கணவனிடமே திரும்பிப்போன பெண்களை எல்லாம் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, மைத்துனர்களே, நண்பர்களே, வளர்ந்த பிள்ளைகளே: ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருங்கள். "ரொம்பக் கஷ்டமா இருக்கும்ல" என்று ஒரு வார்த்தை போதும். அதற்குமேல் அவரே பேசுவார். பேசும்போது உங்கள் கட்சியைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.

இனி ஆதரவாளர்களுக்கு. போனைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். இரவு பத்து மணிக்குமேல் கட்சியைப் பற்றி ஆதரவாகவோ எதிர்ப்பாகவோ எதையும் பதிவிடாதீர்கள். விலகல் கடிதமும் அப்படித்தான். எழுதுங்கள், ஆனால் இரண்டு வாரம் மேசைக்குள் கிடக்கட்டும். தூக்கத்துக்கென்று குடியைத் தொடாதீர்கள், அது தூக்கத்தைத்தான் கெடுக்கும். ரத்த அழுத்த மாத்திரையைக் கோபத்தில் நிறுத்துகிற ஆட்களும் இருக்கிறார்கள். யாரைத் தண்டிக்கிறீர்கள் ஐயா?

இன்னொரு வேலையும் கொடுப்பேன். கட்சியின் தேர்தல் அறிக்கையை எடுத்து உட்கார்ந்து படிக்கச் சொல்வேன். பலர் அதைப் படித்ததே இல்லை. அவர்கள் சொல்லி மீறியது எது, நீங்களாக நம்பிக்கொண்டது எது என்று பிரித்து எழுத வேண்டும். முதல் பட்டியலுக்குக் கட்சி பதில் சொல்ல வேண்டும், கேளுங்கள். இரண்டாவதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டுவிட்டு எழுந்திருக்கலாம்.

இந்தக் கேட்பது முக்கியம். 'ஒன்று கட்சியில் இரு, இல்லையென்றால் வெளியே போ' என்று இரண்டே கதவு இருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970-லேயே விலகுவது, குரல் கொடுப்பது, விசுவாசம் என்று மூன்றையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தார். விசுவாசம் உள்ளவர்தான் போகாமல் நின்று குரல் கொடுப்பார் என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. உள்ளே இருந்துகொண்டு கிளைக் கூட்டத்தில் எழுந்து "இது சரியில்லை" என்று சொல்வது துரோகமில்லை. ஒரு தேர்தல் ஒதுங்கி இருப்பதும் துரோகமில்லை. போய்விடுவதும்கூடத்தான்.

இரண்டு வாரத்துக்குமேல் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மருந்து எழுதுவது என் வேலை இல்லை, அவர்கள் வேலை. நெஞ்சில் வலி வந்தால் "மன உளைச்சல்தான்" என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். "இனி இருந்து என்ன பயன்", "உயிரை விட்டாவது காட்டுறேன்" என்ற பேச்சு கோபத்தில் வந்தாலும், கிண்டலாக வந்தாலும், வீட்டில் உள்ளவர்கள் அதைப் பேச்சாக விட்டுவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அன்றைக்கே கூட்டி வாருங்கள், தனியாக விடாதீர்கள்.

அந்த மனிதர் போன வாரம் மூன்றாம் முறையாக வந்தார். போன் இப்போது கூடத்தில் சார்ஜ் ஆகிறதாம், ஐந்து மணிவரை தூங்குகிறாராம். காணொலியை அழிக்கவில்லை. நான் அழிக்கச் சொல்லவும் இல்லை. "அடுத்த கூட்டத்துக்குப் போகலாமா?" என்று கேட்டார். "போங்க, ஆனா இந்தத் தடவை நாற்காலி போடாதீங்க, உட்காருங்க" என்றேன். முதல்முறையாகச் சிரித்தார்.

மைத்துனரை ஒருநாள் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். வருவார் என்று தோன்றவில்லை.