கிளியரன்ஸ்: சக்கரம் எழும்புவதற்கான வெளி

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு டிரெய்லர்களில் டயர் கிழிந்தால், பழுது பார்ப்பவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் பெரும்பாலும் ‘கிளியரன்ஸ் இல்லை’ என்பதுதான். டயரின் மேற்புறத்துக்கும் அதை மூடியிருக்கும் சக்கரக் கூட்டுக்கும் இடையில், அச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையில், இரட்டை அச்சு வண்டியில் அடுத்தடுத்த இரு டயர்களுக்கும் இடையில் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டிய இடத்தையே இச்சொல் குறிக்கிறது.

‘ஒளியுள்ள, தெளிவான’ என்று பொருள்படும் ‘கிளாருஸ்’ என்னும் இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘கிளியர்’ ஆயிற்று. ஒளியுள்ளது தெளிவாகத் தெரியும், தெளிவாகத் தெரியுமிடத்தில் தடை இல்லை என்ற வழியில் பொருள் நகர்ந்து, தடையற்ற வெற்றிடத்துக்கும் அதுவே பெயராயிற்று. தமிழில் ‘வெளி’ என்னும் சொல்லும் ஏறத்தாழ இதே தடத்தில் நடப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது. வெளிச்சம், வெளிப்படை, வெட்டவெளி ஆகிய மூன்றிலும் அது இருக்கிறது. மழை விட்டு வானம் தெளிவதை ‘வெளிவாங்கியது’ என்கிறோம். ஆகவே ‘இடைவெளி’ என்பது வேறு வழியின்றி ஒட்டவைத்த மொழிபெயர்ப்பு அன்று, பொருளின் வேரிலேயே பொருந்தும் சொல்.

‘இடுக்கு’, ‘சந்து’ ஆகியவை இங்கே உதவா. அவை நெருக்கத்தைச் சொல்பவை. அனுமதி, தீர்வு என்பன அலுவலகத்திலும் வங்கியிலும் வழங்கும் வேறு பொருள்களுக்கு உரியவை.

ஆயினும் ‘இடைவெளி’ என்று மட்டும் சொன்னால் ஒரு குறை நிற்கிறது. நின்றிருக்கும் வண்டியில் கையை நுழைத்துப் பார்த்து, ‘போதிய இடைவெளி இருக்கிறது’ என்று சொல்லிவிட முடியும். ஆனால் பள்ளத்தில் இறங்கி ஏறும் சக்கரம் மேலே எழும்பும்போது, அச்சுக்கும் சட்டகத்துக்கும் நடுவே சுமையைத் தாங்கும் வில்பட்டை (லீஃப் ஸ்பிரிங்) எவ்வளவு வளையுமோ, அவ்வளவுக்கும் இடம் மிஞ்சியிருக்கிறதா என்பதே கேள்வி. எனவே இந்தப் பொருளுக்கு ‘அசைவு இடைவெளி’ என்று சொல்வதே சரி என்பது என் கருத்து. வண்டியின் அடிப்பகுதிக்கும் சாலைக்கும் இடையிலுள்ளது ‘தரை இடைவெளி’. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அசைவு இடைவெளி குறையும் காரணங்கள் பல. அதிகச் சுமையாலும் வயதாலும் வில்பட்டை தட்டையாகும். பட்டைகளின் முனையை வண்டியோடு இணைக்கும் தொங்குதுண்டுகளில் (ஷேக்கிள்) துளைக்குள் இருக்கும் உறைகளான புஷ்கள் தேய்ந்து துளைகள் நீள்வட்டமாகும். பட்டையின் நடுப் போல்ட் முறிந்தால் அச்சு முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். பெரிய டயர் மாட்டுவதும் ஒரு காரணம். டிரெய்லருக்கென்றே உள்ள எஸ்டி வகையில், 205/75 ஆர்14 (அகலம் 205 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 75 விழுக்காடு, உள்வட்டம் 14 அங்குலம்) டயரின் விட்டம் கணக்குப்படி ஏறத்தாழ 663 மி.மீ.; எஸ்டி 215/75 ஆர்14 ஏறத்தாழ 678 மி.மீ. வித்தியாசம் 15 மி.மீ. தானே என்று தோன்றும். ஆனால் டயருக்கு மேலே 7.5 மி.மீ. போய்விடுகிறது, இரட்டை அச்சில் இரு டயர்களுக்கு நடுவே முழு 15 மி.மீ. போய்விடுகிறது.

கிழிந்த டயரை வைத்துக் காரணம் கண்டறியும்போது சொல்லில் அவசரம் கூடாது. சக்கரக் கூடு நசுங்கியிருப்பதைக் கண்டதும் உரசல் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. உண்மையில் காற்றுக் குறைவாலும் சூட்டாலும் சாலையில் பதியும் டயரின் மேல்தோல் பிரிந்தால், அந்தப் பிரிந்த தோல் சுழன்று அடித்தே கூட்டை நாசமாக்கிவிடும். அங்கே கூட்டின் சேதம் விளைவே தவிரக் காரணம் அன்று. அடிபட்ட கூட்டில் ஒழுங்கற்ற நசுங்கலும் கிழிசலும் இருக்கும். உரசலோ வேறு விதமாகத் தடம் விடும்: டயரைச் சுற்றி ஒரே வரியாக வழவழப்பான தேய்மானம், கூட்டின் உட்புறத்தில் படிந்த கரிய ரப்பர்த் தூள், தரைப்பலகையிலிருந்து கீழே நீட்டிய திருகாணியின் முனை மட்டும் துருவின்றி வெள்ளி போல் மின்னுதல். கையில் விளக்கோடு குனிந்து பார்த்தால் அந்த மினுக்கம் முதலில் கண்ணில் படும். ஒரே இடத்தில் மட்டும் வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாலையில் கிடந்த பொருளின் வேலை. டயரின் இரு தோள்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு.

அளக்கும்போது தண்ணீர்த் தொட்டியும் பொருள்களும் நிறைந்த நிலையில், சமதளத்தில், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். பிறகு பழுதுக் குறிப்பில் ‘கிளியரன்ஸ் குறைவு’ என்று எழுதாமல், ‘முழுச் சுமையில் வலது பின்சக்கரத்தின் மேல் அசைவு இடைவெளி இத்தனை மி.மீ., இடது பின்சக்கரத்தில் இத்தனை மி.மீ.’ என்று எழுதினால், அடுத்துப் பார்ப்பவர் எந்தப் பக்கத்து வில்பட்டை இறங்கியிருக்கிறது என்பதை அந்த ஒரு வரியிலேயே கண்டுகொள்வார்.